மணமக்கள் தேவை பகுதிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் சிறுவர் மருத்துவப் பேராசிரியராக இருக்கிற சச்சித் மெத்தானந்தவைப் பற்றியும், அவரைப் போல இந்த நாட்டிலேயே இருந்துகொண்டு நம் பிள்ளைகளின் இரத்தத்தையும் உடல் வளர்ச்சியையும் ஆராய்கிற மற்றவர்களைப் பற்றியும் உங்கள் பத்திரிகை விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுத்தான் இந்தக் கடிதம். விருது கிடைத்தது, படம் போட்டோம் என்று முடிந்துவிடாமல், அவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள், அதை வைத்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ இருக்கிற ஒரு குடும்பம் நாளைக்குக் காலையில் என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும்.

நான் கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் பாடத்தில் வருகிறது. தாயும் தந்தையும் காவிகளாக, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் வைத்திருப்பவர்களாக, இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 வீதம் வாய்ப்பு, காவியாக இருக்க 50 வீதம் என்று பிள்ளைகள் கட்டம் போட்டு அழகாக எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். ஆனால் "உங்களில் யாராவது தலசீமியா காவியா என்று சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். வீட்டில் கேட்டுப் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. பரீட்சைக்குத் தெரிந்த விஷயம் வீட்டுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். செங்குழியத்துக்குள் இருந்து ஒட்சிசனைச் சுமக்கிற புரதமான ஈமோகுளோபினில் அல்பா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டா தலசீமியாவில் பீட்டா சங்கிலி போதியளவு உருவாகாது. அது குறைவது மட்டும் பிரச்சினை இல்லை, சோடி கிடைக்காமல் மிஞ்சிப்போகிற அல்பா சங்கிலிகள் செங்குழியம் வளரும்போதே அதற்குள் படிந்து அதை அழித்துவிடும். இரத்தம் உருவாகிற என்பு மச்சை இரவு பகலாக வேலை செய்தாலும் நல்ல செங்குழியம் வெளியே வராது. பிறக்கும்போது பிள்ளை சுகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் கருவில் உருவாகிற ஈமோகுளோபினுக்கு பீட்டா சங்கிலி தேவையில்லை, காமா சங்கிலிதான். சில மாதங்களில் காமா நின்று பீட்டா தொடங்க வேண்டிய நேரத்தில் பிள்ளை வெளிறத் தொடங்கும். அப்புறம் மூன்று நாலு கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க.

இந்த அல்பா சங்கிலி விஷயத்தை நான் விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெத்தானந்த ஒக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்தபோது எடுத்த கேள்வியே அதுதான். பீட்டாவைக் கூட்டுவது கஷ்டம் என்றால், மிஞ்சுகிற அல்பாவைக் குறைத்தால் என்ன? அல்பா மரபணுவை முடுக்கிவிடுகிற ஒரு பகுதி டிஎன்ஏயில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. இரத்தக் கலங்கள் எல்லாம் உருவாகிற மனித இரத்தக் குருத்துக்கலங்களில் அந்தப் பகுதியை மரபணுத் திருத்தத்தால் நீக்கி, அல்பா உற்பத்தியை அளவாகக் குறைத்துக் காட்டினார்கள். அந்த ஆய்வு 2017இல் வெளியானது. இதற்குப் பின்னால் மருத்துவர்கள் பல காலமாகக் கண்ட ஒரு விஷயம் இருக்கிறது: பீட்டா தலசீமியாவோடு, அல்பா சங்கிலி குறைகிற அல்பா தலசீமியாவையும் சேர்த்துப் பெற்று வந்த பிள்ளைகளுக்கு நோயின் கடுமை குறைவாக இருக்கும். இரண்டு குறைபாடு சேர்ந்தால் நிலைமை மோசமாகும் என்றுதானே நாங்கள் நினைப்போம், இங்கே அது மாறி நடக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் தெரிகிற வியப்பை உங்கள் வாசகர்களுக்கும் கொடுக்கலாம்.

ஆனால் என்னை அதிகம் தொட்டது அவர் ஊருக்குத் திரும்பி வந்து செய்த வேலை. மரபணுத் திருத்தச் சிகிச்சை இன்று உண்மையாகவே வந்துவிட்டது, 2024 ஜனவரியில் அமெரிக்காவில் தலசீமியாவுக்கு அனுமதி கிடைத்த கஸ்ஜெவி என்ற சிகிச்சையின் விலை ஒரு நோயாளிக்கு 22 இலட்சம் டொலர். நம் நாட்டில் யார் கட்டுவது? ராகமையில் மெத்தானந்தவும் அவரோடு வேலை செய்தவர்களும் எடுத்துக்கொண்டது ஹைட்ரொக்சியூரியா என்ற பழைய, மலிவான குளிசை. இன்னொரு பரம்பரை இரத்த நோயான அரிவாட்செல் நோய்க்கு அமெரிக்காவில் 1998இலேயே அனுமதிக்கப்பட்ட மருந்து அது, நின்றுபோன காமா சங்கிலியை மறுபடி கொஞ்சம் உருவாக்கச் செய்யும். ஒழுங்காக இரத்தம் ஏற்றுகிற பீட்டா தலசீமியா நோயாளிகள் 60 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்து, மற்றப் பகுதிக்கு மருந்தில்லாத குளிசை, யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது வைத்தியருக்கும் தெரியாது, ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களில் கரு ஈமோகுளோபின் கூடியது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். வெண்குழியங்களைக் குறைக்கக்கூடிய மருந்து என்பதால் வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் யாரும் தொடக்கூடாது, இதை வாசித்துவிட்டுப் பாமசிக்குப் போய்க் கேட்கவும் வேண்டாம். ஆனாலும், உலகம் விலையுயர்ந்த சிகிச்சையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டுவது எது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறாரே, அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

இந்த வேலை அவரோடு தொடங்கவும் இல்லை. ஒக்ஸ்போர்டின் டேவிட் வெதரால், இளம் இராணுவ வைத்தியராக சிங்கப்பூரில் இருந்தபோது ஒரு கூர்க்கா சிப்பாயின் குழந்தையில் தலசீமியாவைக் கண்டதிலிருந்து 2018இல் இறக்கும்வரை இந்த நோயை விடவில்லை, இலங்கைக்கும் வந்து குருநாகலையில் களனிப் பல்கலைக்கழகத்தின் அனுஜ பிரேமவர்தன போன்றவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். 2000இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த அவர்களின் கட்டுரைதான் இங்கே எந்த நேரத்திலும் 2000க்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படும் என்று கணக்குச் சொன்னது. அவர்களில் சுமார் 40 வீதத்தினருக்கு இருப்பது ஈமோகுளோபின் ஈ பீட்டா தலசீமியா என்ற கலப்பு வகை, ஒரு பெற்றோரிடமிருந்து பீட்டா தலசீமியா மரபணுவும் மற்றவரிடமிருந்து ஈமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட ஈமோகுளோபினின் மரபணுவும் வருவது. 2005இல் வந்த அடுத்த கட்டுரை அதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். இந்தக் கலப்பு வகையில் பலருக்கு ஒழுங்காக இரத்தம் ஏற்றத் தேவையே இல்லை, ஏற்றிக்கொண்டிருந்த பலருக்கு நிறுத்தியும் அவர்கள் நன்றாக இருந்தார்கள். ஈமோகுளோபின் எண்ணை மட்டும் பார்க்காமல் பிள்ளை எப்படி வளர்கிறது, எப்படி ஓடி விளையாடுகிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதை உலகத்துக்குச் சொன்னது நம் நாட்டு நோயாளிகளைப் பார்த்த இந்த வேலைதான்.

"இது எங்கட ஆக்களுக்கு வாற வருத்தம் இல்லை" என்று சொல்கிறவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். நாடு முழுக்க ஒரே அளவில் இல்லை என்பது சரி. மலேரியா இருந்த இடங்களில் காவிகளுக்கு ஒரு பாதுகாப்பு இருந்ததால்தான் இந்த மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கின. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்துவிட்டது, ஆனால் மரபணு மலேரியாவோடு சேர்ந்து போய்விடவில்லை. கொழும்பு என்பது எல்லா மாவட்டத்து ஆட்களும் வந்து குடியேறிய ஊர், மலையகம், வன்னி, மட்டக்களப்பு, புத்தளம், எல்லாம் ஒரே தொடர்மாடியில் இருக்கிறது. அதோடு நம்மிடம் மச்சான் மச்சாளை முடிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த இரண்டு பேரும் ஒரே மரபணுவைக் கொண்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதற்குப் பெரிய கணக்குத் தேவையில்லை.

இப்போது வளர்ச்சிக்கும் நீரிழிவுக்கும் வருகிறேன், இதுதான் அதிகம் பேசப்படாத பக்கம். ஒரு பைந்து இரத்தத்தில் கிட்டத்தட்ட 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றக்கூடியது ஒன்று இரண்டு மில்லிகிராம்தான். ஆகவே ஏற்றுகிற இரத்தத்தின் இரும்பு உள்ளேயே தேங்கி, இதயத்திலும் ஈரலிலும் இன்சுலின் சுரக்கிற சதையியிலும் மூளைக்குக் கீழே இருக்கிற கபச்சுரப்பியிலும் படியும். சதையி கெட்டால் நீரிழிவு. கபச்சுரப்பி கெட்டால் உயரம் நின்றுவிடும், பருவமடைதல் பிந்தும். சக மாணவிகளைவிட நாலைந்து வயது குறைந்த பிள்ளை மாதிரித் தெரிந்த ஒரு மாணவி என்னிடம் படித்தாள், ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் வரமாட்டாள், கெட்டிக்காரி. இரும்பை வெளியேற்றுகிற மருந்தை ஒழுங்காக எடுத்தால் இவற்றைப் பெரிய அளவில் தடுக்கலாம், அந்த மருந்து இரத்தத்தைப் போலவே அவசியம் என்று குடும்பம் விளங்கிக்கொண்டால் பிள்ளை நன்றாக வளரும்.

இதில் ஒரு விஷயம் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். ஈரல் சுரக்கிற ஹெப்சிடின் என்ற ஓமோன், குடல் எவ்வளவு இரும்பை உள்ளே விட வேண்டும் என்று தீர்மானிக்கும் வாசல்காரன். தலசீமியாவில் அது குறைந்துபோவதால் இரத்தம் ஏற்றாத பிள்ளைக்குக்கூட இரும்பு கூடிக்கொண்டே போகும். உடற்பருமன் உள்ள பிள்ளைகளில் நடப்பது நேர்மாறு. கொழுப்பிழையம் மெல்லிய அழற்சியை உண்டாக்க, ஹெப்சிடின் கூடி, சாப்பாட்டில் இருக்கிற இரும்பு உள்ளே போகாமல் நின்றுவிடும். அதனால்தான் கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைக்கும் குருதிச்சோகை வருகிறது. "நல்லாச் சாப்பிடுற பிள்ளைக்கு எப்படி இரத்தம் குறையும்" என்று அம்மம்மா கேட்பது நியாயம்தான், ஆனால் பதில் இதுதான்.

ஆகவே பிள்ளை வெளிறிப்போய் இருக்கிறது என்றவுடன் கடையில் இரும்புச்சத்துப் பாணியை வாங்கி மாதக்கணக்கில் கொடுப்பது சரியில்லை. முழு இரத்தப் பரிசோதனை, எஃப்.பி.சி. என்று எல்லோரும் சொல்வது, அதில் எம்.சி.வி., எம்.சி.எச். என்று இரண்டு எண்கள் இருக்கும். வளர்ந்தவர்களில் எம்.சி.வி. 80க்குக் கீழே, எம்.சி.எச். 27க்குக் கீழே என்றால் செங்குழியம் சிறிதாகவும் வெளிறியும் இருக்கிறது என்று அர்த்தம், பிள்ளைகளுக்கு வயதுப்படி எண் மாறும். இரும்புக் குறைபாட்டிலும் இப்படி வரும், தலசீமியா காவியிலும் இப்படி வரும். ஃபெரிட்டின் பார்த்தால் இரும்புக் கையிருப்புத் தெரியும், ஈமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கிற பரிசோதனை செய்தால் பீட்டா காவியா, ஈமோகுளோபின் ஈ காவியா என்று தெரியும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், ஆகவே முடிவு சொல்ல வேண்டியது வைத்தியர். கொழும்பில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் பழைய எஃப்.பி.சி. ரிப்போர்ட் கிடக்கும், டெங்குக் காலத்தில் பிளேட்லெட் பார்க்க எடுத்தது. காய்ச்சல் போனவுடன் மடித்து வைத்துவிடுகிறோம். அதே தாளில் இந்த இரண்டு எண்ணும் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. நீரிழிவுக்கு எச்பிஏ1சி பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது செங்குழியத்துக்குள் இருக்கிற ஈமோகுளோபினில் ஒட்டிய சீனியை அளப்பது, செங்குழியம் வழக்கமான ஆயுள் வாழ்கிறது என்று வைத்துக்கொண்டு. இரத்தம் ஏற்றுகிற பிள்ளையில் நிறையச் செங்குழியம் வேறொருவருடையது. அங்கே அந்த எண்ணை நம்ப முடியாது, குளுக்கோசு குடிக்கக் கொடுத்துப் பார்க்கிற பரிசோதனைதான் வேண்டும். இரும்புக் குறைபாட்டிலும் அந்த எண் பிசகலாம். இரத்தத்தைத் தெரியாமல் சீனியைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நிறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிறுவர் மருத்துவப் பேராசிரியர் பூஜித விக்கிரமசிங்க பல வருடங்களுக்கு முன்பே அவுஸ்திரேலியாவில் வாழும் வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் இலங்கைப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு, உயரத்துக்கு ஏற்ற நிறையைக் காட்டுகிற பிஎம்ஐ ஒன்றாக இருந்தாலும் நம் பிள்ளைகளின் உடம்பில் கொழுப்பு அதிகம் என்று காட்டினார். வெளிநாட்டு எல்லையை வைத்து அளந்தால் நம் பிள்ளைகளில் பலர் தப்பிவிடுவார்கள், அதாவது பிரச்சினை இருந்தும் இல்லை என்று வரும். பூனாவில் யாஜ்னிக் என்ற வைத்தியரும் பிறந்த குழந்தைகளிலேயே இதைக் கண்டார், நிறை குறைந்த, மெலிந்த குழந்தை, ஆனால் தோலுக்குக் கீழே கொழுப்பு. ஆகவே மெலிந்த பிள்ளை என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது, இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள் என்கிறார்கள். காலையில் பள்ளிக்கூட வான் வண்டியில் ஏறி, பள்ளிக்கூடம் விட்டு நேரே ரியூசன், இடையில் ஒரு ரோல்ஸும் ஒரு பக்கெட் பாலும், இரவு ஒன்பது மணிக்குச் சோறு, விளையாட்டு இல்லை. எங்கள் மாணவர்களின் நாள் இது. இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அந்த நேரசூசியைப் போட்டது பெரியவர்கள். 2016இலிருந்து மென்பானப் போத்தலில் சீனிக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சைக் குறி இருக்கிறது, அதையாவது பிள்ளையோடு சேர்ந்து பார்த்து வாங்கலாம்.

சரி, காவிப் பரிசோதனையை எப்போது செய்வது? நான் இதில் உறுதியாக இருக்கிறேன்: கல்யாணம் பேசுகிற நேரத்தில் செய்யக் கூடாது. அப்போது செய்தால் முடிவை ஒளிப்பார்கள், அல்லது பெண்ணின் தலையில்தான் பழி விழும், "அந்தப் பிள்ளைக்கு ஏதோ இரத்தத்தில் கோளாறாம்" என்று கதை பரவும். காவி நோயாளி இல்லை. காவி தன் வாழ்நாள் முழுக்கச் சுகமாக இருப்பார், இன்னொரு காவியை முடிக்கும்போது மட்டும்தான் யோசிக்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் காவி இல்லையென்றால் பிள்ளைக்குக் கடும் நோய் வராது. ஆகவே சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தரம் தொடங்குகிற இடைவெளியில், ஆணும் பெண்ணும் எல்லோரும் சேர்ந்து செய்துவிட்டால் அது ஒரு சாதாரண விஷயமாகிவிடும். இரத்தவகை தெரிந்து வைத்திருக்கிற மாதிரி இதுவும். சைப்பிரஸ் தீவில் 1980களிலிருந்து தேவாலயத்தில் திருமணம் செய்ய இந்தப் பரிசோதனை செய்த சான்றிதழ் கேட்கிறார்கள். அது திருமணத்தைத் தடுக்கிற கடதாசி இல்லை, இரண்டு பேரும் தெரிந்துகொண்டார்கள் என்பதற்கான கடதாசி, முடிவு அவர்களுடையது. அங்கே நோயோடு பிறக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இல்லாமலே போனது. நம் கோயில் நிர்வாக சபைகளும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இதைப் பேசத் தொடங்கினால் எவ்வளவு நல்லது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மணமகன் தேவை, மணமகள் தேவை என்று பக்கம் பக்கமாக வருகிறது, நட்சத்திரம், செவ்வாய், கிரகபாவம், கனடா பிஆர், எல்லாம் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் மூலையில் ஒவ்வொரு கிழமையும் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள், விளம்பரக் கட்டணம் இல்லாமல். தலசீமியா காவிப் பரிசோதனை என்றால் என்ன, எஃப்.பி.சி.யில் எந்த எண்ணைப் பார்ப்பது, ராகமையிலும் குருநாகலையிலும் இருக்கிற தலசீமியா நிலையங்களை எப்படி அணுகுவது, காவி நோயாளி இல்லை, இவ்வளவு போதும். ராகமைப் பேராசிரியர்களிடம் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி தமிழில் ஒரு நேர்காணலும் எடுங்கள். பெட்டிக்கான வாசகங்களை எழுதித்தர என் உயர்தர மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள், வைத்தியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அனுப்புவோம். எந்தக் கிழமையிலிருந்து இடம் தரலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
கொழும்பு 06